இத்தனை பயிற்சி பெற்ற விமானிகள் மீட்டரைத் தப்பாகப் படிப்பது எப்படி?

"வருடக்கணக்கில் பயிற்சி எடுத்த விமானி காக்பிட் மீட்டரைத் தப்பாகப் படித்தால் அது கவனக்குறைவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. கோவை கணபதியில் இருபது வருடமாகப் பிரஷர் கேஜ், அதாவது அழுத்தம் காட்டும் மீட்டர், பழுது பார்க்கிறேன். கவனக்குறைவு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. அங்கே பாய்லரில் 0 முதல் 14 கிலோ வரை அழுத்தம் காட்டும் கேஜ் இருந்தது. 7 கிலோவுக்கு முள் நேர் மேலே நட்டமாக நிற்கும். அது பழுதாகிவிட, கையிலிருந்த 0–10 கேஜை மாட்டிவிட்டு வந்தேன். அதே வட்டம், அதே கறுப்பு முள். ராத்திரி ஷிப்ட் பையன் வழக்கம்போல முள்ளை நட்டமாகவே வைத்திருந்தான். புதியதில் அது 5 கிலோ. தண்ணீர் சரியாகச் சூடேறாமல், விடியும்போது ஒரு லாட் துணி நிறம் ஏறாமல் கிடந்தது. "முள்ளு நேராத்தானுங்கண்ணா நின்னுச்சு" என்றான், கண் கலங்கி. விடிய விடியப் பார்த்திருக்கிறான், பாவம். முள் நிற்கும் வாகுதான் கண்ணுக்குப் பழகியிருந்தது, எண் கண்ணில் படவே இல்லை.

விமானத்திலும் இதேதான். உயரத்தைக் காட்டும் பழைய ஆல்டிமீட்டரில் ஒரே வட்டத்துக்குள் மூன்று முட்கள். நீள முள் நூறு அடிகளைக் காட்டும், அடுத்தது ஆயிரத்தை, ஆகச் சிறியது பத்தாயிரத்தை. பெரிய தொகை சின்ன முள்ளில்! 2,900 அடியில் ஆயிரத்தின் முள் 3-ஐ ஒட்டி நிற்கும், அவசரத்தில் 3,900 என்று படித்துவிடலாம். கடிகாரத்தில் 2.55-ஐ 3.55 என்று சொல்லிவிடுகிறோமே, அப்படி. 1947-இல் அமெரிக்காவில் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் விமானிகளிடம் கேட்டு இப்படிப்பட்ட 270 பிசகுகளைத் தொகுத்தார்கள். ஆயிரம் அடி பிசகியவை அதில் நிறைய. டயலைத் திருத்தினால் பிசகு குறையும் என்பதுதான் அவர்கள் கண்டது.

அப்புறம் 1992 ஜனவரி 20, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் அருகே ஏர்பஸ் கம்பெனியின் ஏ320 விமானம் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். அதில் இறக்கத்தின் கோணமும் வேகமும் ஒரே சின்ன ஜன்னலில்தான் தெரியும். -3.3 என்றால் 3.3 டிகிரி, -33 என்றால் நிமிடத்துக்கு 3,300 அடி. கோணமா வேகமா என்பது விமானி எந்த மோடில் (முறையில்) வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. விமானிகள் கோணம் என்று நினைத்து வேகத்தை வைத்திருக்கலாம் என்பதே விசாரணையில் வலுவாக நின்ற காரணம். பிறகு ஏர்பஸ் அந்த வேகத்தை நான்கு இலக்கத்தில் காட்டும்படி மாற்றியது.

சாயப்பட்டறை முதலாளி, பையன் சம்பளத்தில் பிடிக்கப் போவதாகச் சொன்னார். "கேஜை மாத்துனது நானுங்க, அவன்கிட்டப் பிடிக்காதீங்க" என்று நின்றுவிட்டேன். அன்று சாயங்காலமே 0–14 கேஜ் வாங்கி மாட்டி, 7-க்கு நேரே கண்ணாடியில் சிவப்புக் கோடும் போட்டுக் கொடுத்தேன்.