ஜப்பான் பீங்கானில் கைவேலை எது, அச்சு எது?

கேள்வி: கையால் வரைந்த ஜப்பானியப் பீங்கான் தட்டு ஒன்று அலங்காரத்துக்கு வாங்க ஆசை. விற்பவர் சொல்வதை நம்பலாமா? நாமே எப்படிக் கண்டுபிடிப்பது?

விற்பவர் சொல்வது இருக்கட்டும், தட்டைக் கையில் வாங்கி நீலத்தைப் பாருங்கள்.

வேலை நிமித்தம் ஃபுகுவோகாவில் இருக்கிறேன். சாகா மாகாணத்து அரிடா இங்கிருந்து ரயிலில் போய் வரும் தூரம்தான். ஜப்பானின் பீங்கான் தொழில் தொடங்கியதே அந்த ஊரில்தான். அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி கொரியாமீது படையெடுத்தபோது அங்கிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்கள், 1610களில் அரிடாவின் இஸுமியாமா மலைக்கல்லைப் பொடித்துச் செய்ய ஆரம்பித்தார்கள். சரக்கு கப்பலேறியது இமாரி துறைமுகத்தில் என்பதால் வெளியே ‘இமாரி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அங்கே பட்டறைகளில் எனக்குப் பிடித்தது ‘தாமி’ என்ற வேலை. ஒருமுறை சுட்ட தட்டில் கோபால்ட் நீலத்தால் கோடு வரைபவர் ஒருவர். கோட்டுக்குள் நிறம் நிரப்புபவர் இன்னொருவர். நிரப்பும் தூரிகை கட்டைவிரலைவிடத் தடிமன். நீலத் தண்ணீரை அதில் நிறைத்து, விரலால் அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். தூரிகை தட்டில் பட்டதா என்றே தெரியாது. ஒரு சின்ன நீலக் குட்டைதான் கோட்டின் ஓரமாக நகர்ந்து போகும். மிஞ்சியதைத் தூரிகையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் மெருகுப் பூச்சில் முக்கி, சுமார் 1300 டிகிரியில் சுடுவார்கள்.

இப்படி நிரப்பிய நீலத்தில் லேசான ஏற்ற இறக்கம் இருக்கும். ஒரே தட்டில் ஒரே பூ இரண்டு இடத்தில் வந்தால், இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. இன்றைய அச்சுப் படத்தை லென்ஸில் பார்த்தால் பெரும்பாலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். லென்ஸ் இல்லையா, போன் கேமராவை ஜூம் செய்யுங்கள்.

பழசு என்றால் கைவேலை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மெய்ஜி காலத்திலேயே (1868–1912) காகிதத்தில் அச்சடித்து ஒட்டியெடுத்த நீலத் தட்டுகள் ஏராளமாக வந்துவிட்டன. தாள் சேரும் இடத்தில் பூங்கொடிப் படம் பாதியில் முறிந்து, அரை அங்குலம் தள்ளித் தொடரும். எனக்கு அதுவும் ஒரு அழகுதான், ஆனால் கைவேலை விலைக்கு வாங்கக் கூடாது.

அடியில் உள்ள முத்திரையையும் பெரிதாக நம்ப வேண்டாம். அரிடாவில் செய்த தட்டுகளிலேயே சீனாவின் மிங் அரசர் செங்ஹுவா காலத்தில் செய்ததாக எழுதியிருப்பது சர்வசாதாரணம். கௌரவத்துக்காகப் போட்டது! அடியில் வட்டமாக மூன்று, நான்கு சின்னத் தழும்புகள் இருந்தால் பயப்படாதீர்கள். சூளையில் தட்டின் நடு தொய்யாமல் இருக்க முட்டுக்கொடுத்த முளைகளைச் சுட்டபின் உடைத்தெடுத்த இடம் அது.

முதன்முதலாக வாங்குகிறீர்கள் என்றால், பெரிய தட்டுக்குப் போகாமல் சோபாசோக்கோ என்ற சின்னக் கிண்ணத்தில் தொடங்குங்கள். கண் பழகும், காசும் தப்பும்.

நேரில் வர முடிந்தால் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அரிடாவில் பீங்கான் சந்தை நடக்கும். கடைக்காரரிடம் “தெகாகி தெஸ்கா?” (கையால் வரைந்ததா?) என்று கேளுங்கள். நான் கேட்டவரை, அச்சு என்றால் அச்சு என்றே சொல்லிவிடுகிறார்கள்.