பரு, எரிச்சல், தொப்பை எல்லாம் குடலால்தானா?

வேளச்சேரியில் ஐடி வேலை, ராத்திரி பத்தரைக்கு ஆர்டர் போட்ட பரோட்டா, முகத்தில் பரு, காரணமில்லாத எரிச்சல், தொப்பை. 'எல்லாத்துக்கும் குடல்தான் காரணமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் குடல், கொஞ்சம் தூக்கம், மீதி மைதா.

நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து ப்யூட்டிரேட் போன்ற அமிலங்களாக்குகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் தீனி. பரோட்டாவில் நார் ஏது?

மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருள் செரடோனின்; உடலில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் சுரக்கிறது. உடனே 'குடல் சுத்தமானால் மனசு சந்தோஷம்' என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் செரடோனின் மூளைக்குள் போகாது. குடலும் மூளையும் பேசிக்கொள்வது பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் வேகஸ் நரம்பு, ஹார்மோன்கள் வழியாக.

எடை விஷயத்தில், 2006இல் வந்த எலி ஆய்வு பிரபலம்: குண்டு எலியின் குடல் பாக்டீரியாவைக் கிருமியற்ற எலிக்கு மாற்றினால் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்தது. மனிதர்களிடம் அவ்வளவு நேரடியாக இல்லை.

பருவுக்கு, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவைக் குறையுங்கள். இன்சுலின் ஏறினால் தோலின் எண்ணெய்ச் சுரப்பும் கூடும்.

நல்ல பாக்டீரியாவைச் சாப்பாட்டிலிருந்தே எடுக்கலாமா என்றால், இட்லி மாவைப் பொங்கவைப்பது பாக்டீரியாதான், ஆனால் ஆவியில் வெந்ததும் செத்துவிடும். மோரிலும் பழைய சோற்று நீராகாரத்திலும் உயிரோடு இருக்கும். நான் ராத்திரியே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் உப்பும் விட்டு, சின்ன வெங்காயத்தோடு சாப்பிடுகிறேன்.

மலத்தில் ரத்தமோ, காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால் மட்டும் நீராகாரத்தை நம்பி உட்காராமல் குடல் மருத்துவரைப் பாருங்கள்.