வயசானவங்களுக்கு துணைக்கு எந்த செல்லப்பிராணி நல்லது?

துணைப்பிராணின்னா காவலுக்கோ பாலுக்கோ இல்லாம, சும்மா கூட இருக்கறதுக்காக வளக்கறது. அம்மா தனியா இருக்காங்களேன்னு பிள்ளைங்க பாசத்துல ஒரு லாப்ரடார் குட்டிய வாங்கிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க, அங்கதான் சிக்கல், ஒன்னரை வருஷத்துல அது 30 கிலோ ஆயிடும், ரோட்டுல பூனையப் பாத்து இழுத்துச்சுன்னா சங்கிலியப் பிடிச்சிருக்கற 70 வயசு ஆளு கீழ விழுவாங்க, அந்த வயசுல இடுப்பெலும்பு உடைஞ்சா தேற மாசக்கணக்காகும்.

குட்டிங்கறது கைக்குழந்தை, ராத்திரியெல்லாம் எழுப்பும். அஞ்சாறு வயசு நாட்டு நாய் செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் மாதிரி, எப்படி ஓடும்னு பாத்துட்டே எடுக்கலாம். முட்டி வலி இருந்தா பூனை, வாக்கிங்கே வேணாம். ஆனா பூனை 15 வருஷம்கூட இருக்கும், பின்னாடி யாரு பாத்துப்பாங்கன்னு இப்பவே பேசிடுங்க (யாரும் பேச மாட்டோம்). லவ் பேர்ட்ஸ் ஓகே, பச்சைக்கிளி வேணாம், 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம்.

அப்புறம், குட்டியில இருந்து வளத்தாதான் ஒட்டும்னு சொல்றதெல்லாம் சும்மா, வேளாவேளைக்கு சோறு வைக்கற ஆளுகிட்ட வளந்த நாயும் கொஞ்ச வாரத்துல ஒட்டிக்கும்.