ஃபைப்ரோமயால்ஜியாவும் பிப் உதவித்தொகையும்: 0 புள்ளி வந்தால் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 46. லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். உடம்பு முழுக்க வலி, தூக்கமின்மை, களைப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஃபைப்ரோமயால்ஜியா என்று மூட்டுநோய் நிபுணர் உறுதிசெய்தார். நீண்டகால நோயோ ஊனமோ உள்ளவர்களுக்குப் பிரிட்டன் அரசு தரும் பிப் உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தேன். 'தசை பலம் சாதாரணம், 40 நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வலுவான வலி மாத்திரை எதுவும் எடுப்பதில்லை' என்று எழுதி 0 புள்ளி கொடுத்துவிட்டார்கள். ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) இன்னொரு கடிதம் வாங்கி அனுப்பினால் போதுமா?

பதில்: போதாது. அதிலும் 'இவருக்கு ஃபைப்ரோமயால்ஜியா இருக்கிறது' என்று மட்டும் சொல்லும் கடிதத்தால் பயனில்லை. நோய் இருப்பதை அவர்கள் மறுக்கவே இல்லையே! பிப்பில் நோயின் பெயருக்குப் புள்ளி கிடையாது. சமைப்பது, குளிப்பது, உடுத்துவது போன்ற 10 அன்றாட வேலைகளும் நடமாட்டம் தொடர்பான 2 வேலைகளும்தான் கணக்கு. அன்றாட வேலைகளுக்குத் தனியாக, நடமாட்டத்துக்குத் தனியாகக் கூட்டுவார்கள். 8 புள்ளி வந்தால் சாதாரண விகிதம், 12 வந்தால் உயர் விகிதம்.

ஆனால் அந்த மூன்று காரணங்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மூன்றுக்கும் மருத்துவத்தில் பதில் இருக்கிறது.

ஃபைப்ரோமயால்ஜியாவில் நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கிக் காட்டுகிறது. தசை கெடுவதில்லை, மெலிவதில்லை. 'என் கையை அழுத்துங்கள்' என்றால் மூன்று விநாடி நன்றாகவே அழுத்துவீர்கள். அதையே பத்து நிமிடம் செய்யச் சொன்னால்தான் நோய் தெரியும். 40 நிமிடம் உட்கார்ந்தீர்கள், சரி. அன்று மாலையும் மறுநாளும் எப்படி இருந்தீர்கள் என்று அறிக்கையில் இருக்கிறதா? மாத்திரை விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்கள். காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து), பாரசிட்டமால், இபுப்ரோஃபென், கபாபென்டின் வகை மருந்துகளைத் தொடங்க வேண்டாம் என்பது இங்கிலாந்தில் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஃபைப்ரோமயால்ஜியாவும் அதில் அடங்கும். டாக்டர் வழிகாட்டுதல்படி நடந்தால் உங்களுக்கு வலி குறைவு என்று ஆகிவிடாது. இதை ஜிபி இரண்டு வரியில் எழுதித் தரலாம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, அமிட்ரிப்டிலினோ டுலாக்ஸெட்டினோ எடுத்தால் காலையில் எவ்வளவு மந்தமாக இருக்கிறது என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எப்படிக் குளிக்கிறீர்கள் என்று ஜிபிக்குத் தெரியாது. அதை வீட்டில் பார்ப்பவர் எழுதட்டும். கணவர், மகள், பக்கத்து வீட்டுக்காரர் யார் எழுதினாலும் அது சான்றுதான்.

ஒரு வேலையைச் செய்ய முடியும் என்று அவர்கள் சொல்ல வேண்டுமானால், அதை நீங்கள் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க விதத்தில், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். நோயில்லாதவர் எடுக்கும் நேரத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் ஆனால் அது நியாயமான நேரம் அல்ல. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் சிரமம் இருந்தாலே புள்ளி உண்டு. காலை விறைப்பு மதியம் தளர்ந்துவிடுகிறதே என்று அந்த நாளை விட்டுவிடாதீர்கள். நாளின் ஒரு பகுதியில் சிரமம் இருந்தாலும் அந்த நாள் கணக்கில் சேரும். சில நிமிடம் வந்துபோவது மட்டும் சேராது.

'சமைக்க முடியவில்லை' என்று மொட்டையாக எழுதாதீர்கள். உங்கள் நிலை இப்படியென்றால் இப்படி எழுதுங்கள்: 'வெங்காயம் நறுக்கத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் விரல் இறுகுகிறது. நிற்க முடியாததால் உயர ஸ்டூலில் உட்கார்ந்துதான் நறுக்குகிறேன். ஒருவருக்கான சின்னச் சோற்றுப் பாத்திரத்தைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும்போது மணிக்கட்டு தளர்ந்து இரண்டு தடவை கையில் கொட்டிவிட்டது. இப்போது மகள் வடிக்கிறாள். பிறகு ஒரு மணி நேரம் படுத்தாக வேண்டும். வாரத்தில் 5 நாள் இப்படி.' ஸ்டூல் போன்ற துணைப்பொருளுக்கு 2 புள்ளி. இன்னொருவர் கை கொடுத்தாக வேண்டும் என்றால் 4. 'ஒருவருக்கான' என்ற சொல் முக்கியம். அவர்கள் கேட்பது ஒருவருக்கு ஒரு எளிய சாப்பாடு சமைப்பதைப் பற்றி மட்டுமே. குடும்பத்துக்கே சமைப்பது கஷ்டம் என்று எழுதினால் அது கணக்கில் வராது.

நடையும் இப்படித்தான். 20 மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டு டபுள் டெக்கர் பஸ்ஸின் நீளம். 20க்கு மேல் 50க்குள் மட்டுமே நடக்க முடிந்தால் 8 புள்ளி, அதுவும் கைத்தடி போன்ற துணையோடுதான் என்றால் 10. வாசலிலிருந்து எந்தக் கடைவரை போகிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள், மறுபடி கிளம்ப எவ்வளவு நேரமாகிறது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். நல்ல நாளையும் மறைக்காமல் எழுதுங்கள், நம்புவார்கள்.

நம் மொழிப் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 'எப்படி இருக்கீங்க?' என்றால் 'பரவாயில்லை' என்போம். 'சமைப்பீங்களா?' என்றால் 'சமாளிச்சுக்குவேன்' என்போம். மொழிபெயர்ப்பில் அது 'தனியாகச் செய்கிறார்' என்று பதிவாகிவிடும். உறவினரை மொழிபெயர்க்க வைக்காமல் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், இலவசம்தான்.

முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள், பிப் வழங்கும் அரசுத் துறையிடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும். முதலில் தொலைபேசியில் கேட்டு முழு மதிப்பீட்டு அறிக்கையை வரவழையுங்கள். தவறான ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்கள் பதிலை எழுதுங்கள். பக்கந்தோறும் பெயரும் தேசியக் காப்பீட்டு எண்ணும் இருக்கட்டும். நகல்களை மட்டும் அனுப்பி, அஞ்சல் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்தது 0 என்பதால் இழக்க எதுவுமில்லை.

அங்கும் மறுத்தால், அந்தக் கடிதத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை. நீதிபதியோடு ஒரு மருத்துவரும் ஊனம் பற்றி அறிந்த ஒருவரும் விசாரிப்பார்கள். காகிதத்தில் மட்டும் முடிக்கட்டும் என்று தேர்ந்தெடுக்காமல் நேரில் பேசக் கேளுங்கள். உங்களைப் பார்த்து, கேட்டு முடிவெடுக்கும் முதல் வாய்ப்பு பலருக்கும் அதுதான். வேலைக்குப் போவதோ கணவர் சம்பாதிப்பதோ பிப்புக்குத் தடையில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: விசாவில் பொது நிதி உதவி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் பிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.