அன்றாடம் காதில் விழும் பேச்சில் உங்களுக்கு எரிச்சலூட்டுவது எது?

எனக்கு ஊர் ராமேஸ்வரம் பக்கத்திலிருக்கும் மண்டபம். அண்ணனும் சித்தப்பாவும் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். அதனால் எனக்கு எரிச்சல் வருவதெல்லாம் கடல் சம்பந்தப்பட்ட பேச்சில்தான்.

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சொல்லி மிரட்டுவது காலங்காலமாக நடக்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே கையால் மணலைத் தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணீரைக் குடத்தில் மொண்டு போகிறவர்களைப் பார்த்தால் அப்படிப் பேச வாய் வராது. சரி, அதை விடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளைக் கட்டிப்போடும் அந்த நாட்களில் யாரைப் பார்த்தாலும் "அப்புறம் என்ன, 61 நாள் லீவு, ஜாலிதான்" என்கிறார்கள். படகில் போகிறவருக்குப் பங்குதான் வருமானம், படகு கடலுக்குப் போகவில்லை என்றால் பங்கும் இல்லை, அரசு நிவாரணம் கொடுக்கிறது ஆனால் இரண்டு மாதக் குடும்பச் செலவுக்கு அது காணாது, இதற்குப் பெயர் லீவா? படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசைச் சுரண்டி, பலகை இடுக்கில் பஞ்சு அடைத்து, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டி, மே மாத வெயிலில் இத்தனையும் நடக்கும். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால், அதுவரை கேரளப் படகுகளில் கூலிக்குப் போகிறவர்களும் உண்டு. பாக் நீரிணைப் பக்கம் மற்ற மாதங்களிலும் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள்தான், மீதி 4 நாள் நாட்டுப்படகுக்கு.

எல்லாவற்றையும் விட என்னால் பொறுக்கவே முடியாதது "ஏன் எல்லை தாண்டிப் போறீங்க?" என்பது. இங்கே கடல் குறுகலானது, தனுஷ்கோடி முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். மீன் அந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தே போகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை, நம் இழுவலையால் அங்குள்ள தமிழ் மீனவர்களின் வலை அறுந்துபோவதும் உண்மை. இதையெல்லாம் உட்கார்ந்து பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் இலங்கைக் கடற்படை ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று தகவல் வந்த வீட்டில், போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கும் அக்காவிடம் வெளியூர்ச் சொந்தக்காரர் வந்து நின்றதும் கேட்ட முதல் கேள்வியே இதுதான். அந்த அக்காவா படகை ஓட்டியது? பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

எந்தச் சிறையில் வைத்திருக்கிறார்கள், வக்கீல் யாராவது போய்ப் பார்த்தார்களா, ஆள் வந்தாலும் படகு திரும்பக் கிடைக்குமா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. அதைக் கேளுங்கள்.