பூசணி கொழகொழன்னு ஆகுதா? தண்ணிய குறைங்க

இந்த தடவை வந்த கேள்விகள்ல பெரும்பாலானது பூசணி, பட்டர்நட் ஸ்குவாஷ் (சுரைக்காய் மாதிரி வடிவத்துல இருக்கிற பூசணி வகை), கபோச்சா (பச்சைத்தோல் ஜப்பான் பூசணி), இந்த கெட்டித்தோல் கூட்டம் பத்திதான். ஒரே மாதிரி கேட்டிருந்தத சேர்த்து ஒண்ணாக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, பட்டர்நட் எப்ப செஞ்சாலும் கொழகொழன்னு ஆயிடுது, ருசியே இல்ல. நல்லா வேகட்டும்னு தண்ணி ஊத்தி மூடி வெச்சுதான் செய்யறேன். எங்க தப்பு?

அந்த தண்ணிதான் தப்பு! 100 கிராம் பட்டர்நட்ல கிட்டத்தட்ட 86 கிராம் ஏற்கனவே தண்ணிதான், அதுக்கு மேல நீங்களும் ஊத்தினா காயோட ருசியெல்லாம் கரைஞ்சு தண்ணிக்குள்ள போயிடும், காய் வெறும் சக்கையா நிக்கும். இந்த காய்கிட்ட இருந்து தண்ணிய வெளிய அனுப்பறதுதான் நம்ம வேலை. ஓவன் இருந்தா ரெண்டு மூணு சென்டிமீட்டர் துண்டா வெட்டி எண்ணெய் உப்பு பிசறி 200 டிகிரி செல்சியஸ்ல 25லருந்து 35 நிமிஷம் விடுங்க, ஆனா ட்ரேல நெருக்கி அடுக்காதீங்க ப்ளீஸ், நெருக்கினா அது ரோஸ்ட் ஆகாது ஆவிலதான் வேகும், திரும்ப அதே கொழகொழ. ஓவன் இல்லன்னா அகலமான வாணலி போதும், எண்ணெய் விட்டு துண்டுகள போட்டு முதல்ல கொஞ்ச நேரம் மூடி வைங்க, காய்ல இருக்கிற ஈரத்துலயே பாதி வெந்துடும், அப்பறம் மூடிய எடுத்துட்டு கிளறாம விடுங்க, ஓரம் சிவக்கட்டும். அந்த சிவந்த ஓரத்துலதான் ருசியே இருக்கு.

இன்னொரு விஷயம், எல்லா ஸ்குவாஷும் ஒண்ணு கிடையாது. கபோச்சா மாவு மாவா, வேகவெச்ச சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும், அதனால கிரேவில போட்டா அத நல்லா உறிஞ்சிக்கும், சூப் செஞ்சா மட்டும் ரொம்ப கெட்டியாயிடும். பட்டர்நட் வழுவழுன்னு அரைபடும், சூப்புக்கும் பாஸ்தா சாஸுக்கும் அதான் ராஜா. ஸ்பகெட்டி ஸ்குவாஷ மசிக்க ட்ரை பண்ணாதீங்க, அது நார் நாரா பிரியறதுக்குன்னே இருக்கு. அத நீளவாக்குல வெட்டாம வட்டவட்டமா வெட்டி ரோஸ்ட் பண்ணுங்க, நார் காய சுத்தி சுத்திதான் ஓடும்கறதால அப்பதான் நூடுல்ஸ் மாதிரி நீளமா வரும்.

கேள்வி: சமைக்கறது இருக்கட்டும், அத வெட்டறதுக்குள்ளயே கை போயிடுது. கத்தி பாதில சிக்கிக்குது, பயமா இருக்கு.

பயம் நியாயம்தான். முழுக்காய முள்கரண்டியால நாலஞ்சு இடத்துல குத்திட்டு மைக்ரோவேவ்ல ரெண்டு மூணு நிமிஷம் வெச்சு எடுங்க, தோல் கொஞ்சம் இளகிடும். கட்டிங் போர்டுக்கு அடியில ஈரத்துணி போடுங்க, நழுவாது. காம்பு பக்கமும் அடிப்பக்கமும் சீவிட்டு தட்டையான பக்கத்துல காய நிக்க வெச்சு மேலருந்து கீழ இறக்குங்க, உருண்டு ஓடற காயோட மல்லுக்கட்டாதீங்க. பட்டர்நட்டுன்னா முதல்ல கழுத்தையும் குண்டுப்பகுதியையும் தனித்தனியா பிரிச்சிடுங்க, கழுத்துல விதையே இருக்காது, அழகான சதுரத்துண்டு வேணும்னா அங்கதான் கிடைக்கும்.

தோல் சீவியே ஆகணும்னும் இல்லைங்க. டெலிகாட்டா, ஏகார்ன், கபோச்சா, இந்த ஸ்குவாஷ் வகைகளுக்கெல்லாம் தோல் வெந்தா மெத்துன்னு ஆயிடும், நல்லா கழுவிட்டு அப்படியே போடலாம். பட்டர்நட் சீவும்போது சில பேருக்கு கைல ஒரு பால் மாதிரி ஒட்டி காய்ஞ்சு தோல் இழுத்துப்பிடிக்கும், உரியக்கூட செய்யும். கிளவுஸ் போட்டுக்கோங்க, இல்ல ரோஸ்ட் பண்ணிட்டு ஸ்பூனால வழிச்சு எடுத்துக்கோங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் இனிக்கிற காயே வேணாம்கறார். இனிப்ப எப்படி குறைக்கறது?

குறைக்க முடியாதுங்க, எதிர்க்கட்சிய உள்ள கொண்டு வரலாம். புளிப்பும் காரமும்தான் அந்த எதிர்க்கட்சி. எலுமிச்சை, தயிர், தக்காளி, பச்சமிளகாய், மிளகு, கூடவே லேசா கசக்கிற கீரையோ வறுத்த எள்ளோ. இதுல ஒண்ணு கவனிங்க, புளிப்ப ஆரம்பத்துலயே சேர்த்தா காய் வேக நேரம் இழுக்கும், அதனால காய் வெந்தப்பறம் சேருங்க. நெறைய ரெசிபில பட்டையும் ஜாதிக்காயும் போட சொல்றாங்க, என்னைக் கேட்டா தினசரி சாப்பாட்டுக்கு அது வேணாம், சாப்பாட்டு நேரத்துல கேக் சாப்பிடற ஃபீலிங் வந்துடும்.

கேள்வி: நாங்க சுத்த வெஜிடேரியன். வாரத்துல மூணு நாள் பூசணிய மெயினா வெச்சு சாப்பாட்ட முடிச்சிட்டா புரோட்டீன் பத்துமா?

பத்தாது. 100 கிராம் பட்டர்நட்ல புரோட்டீன் சுமார் 1 கிராம்தான், கலோரியும் 45 கிட்டதான், அதனால அது வயித்த ரொப்பிட்டு ஒரு மணி நேரத்துல திரும்ப பசிக்க வெச்சிடும். பூசணி நல்ல துணை, அதையே ஹீரோ ஆக்காதீங்க. அமெரிக்க கண்டத்து பூர்வகுடிகள்தான் இந்த காயெல்லாம் முதல்ல பயிர் பண்ணினவங்க, மெக்சிகோவுல ஓஹாகா பக்கம் ஒரு குகைல கிடைச்ச விதைக்கு சுமார் 10,000 வருஷம் வயசு. அவங்கள்ல நெறைய பேர் மக்காச்சோளம், பீன்ஸ், ஸ்குவாஷ் மூணையும் ஒரே வயல்ல சேர்த்து வளர்த்தாங்க, சேர்த்தும் சாப்பிட்டாங்க. நாமளும் அந்த கணக்க வெச்சுக்கலாம், ஒரு தானியம், ஒரு பருப்பு வகை, கூட இந்த காய்.

இதுல ரொம்ப ஈசி மசூர் பருப்புதான், அதுக்கும் பட்டர்நட் துண்டுக்கும் வேகற நேரம் கிட்டத்தட்ட ஒண்ணு, ஒரே பாத்திரத்துல 20 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். கொண்டைக்கடலை, ராஜ்மான்னா தனியா முழுசா வேகவெச்சுட்டு அப்பறம் காயோட சேருங்க, இல்லன்னா கடலை வேகறதுக்குள்ள காய் கரைஞ்சு காணாம போயிடும். டோஃபு, பனீர்னா கடைசியில போட்டா போதும். எண்ணெய் இல்லாம வேகவெச்சு டயட்டுன்னு சாப்பிடறவங்களுக்கு ஒரு வார்த்தை, அந்த ஆரஞ்சு நிறத்துக்கு காரணமான பீட்டா கரோட்டின் கொழுப்போட சேர்ந்தாதான் உடம்புல சரியா ஏறும், அதனால ஒரு ஸ்பூன் எண்ணெய்க்கு கஞ்சத்தனம் வேணாம்.

மூணு நாளும் புதுசா செய்யணும்னு இல்ல. ஒரு நாள் பெரிய ட்ரேல ரோஸ்ட் பண்ணிடுங்க, அன்னைக்கு பருப்போட, அடுத்த நாள் மீதிய அரைச்சு சூப், அதுக்கு மறுநாள் மசிச்சு மாவுல போட்டு தண்ணியே இல்லாம பிசைஞ்சு ரொட்டி, நல்ல சாஃப்ட்டா வரும்.

கேள்வி: முழுக்காய ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமா?

வேணாம். 10 டிகிரிக்கு கீழ போனா அதுக்கு ஆகாது. 10லருந்து 13 டிகிரி, காத்தோட்டம், ஈரமில்லாத இடம், காம்பு உடையாம இருக்கணும், பக்கத்துல ஆப்பிள் வைக்காதீங்க. அப்படி வெச்சா ஏகார்ன் ஒரு மாசம் சொச்சம், பட்டர்நட் ரெண்டு மூணு மாசம் தாங்கும். வீடு சூடா இருந்தா இதுல பாதிகூட தாங்காம போகலாம், அப்பப்ப தொட்டு பாருங்க. கபோச்சா பறிச்சு சில வாரம் கழிச்சுதான் ருசியே, மாவுச்சத்து மெல்ல மெல்ல சர்க்கரையா மாறும். வெட்டினத மட்டும் விதைய வழிச்சுட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சு நாலஞ்சு நாளைக்குள்ள முடிச்சிடுங்க. மசிச்சது மீந்தா ஃப்ரீசர்ல போடுங்க, பாட்டில்ல அடைச்சு வெளிய வெக்கற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், புளிப்பில்லாத கெட்டி விழுதுல உயிருக்கே ஆபத்தான விஷத்த உண்டாக்கற பாட்டுலிசம் கிருமி வளர வாய்ப்பிருக்கு, வீட்ல செய்யறதுல அத பாதுகாப்பா தடுக்க வழியில்ல.

கேள்வி: ஒரு காய் பயங்கரமா கசந்தது. சமைச்சா சரியாகுமா?

ஆகாது, தூக்கி போடுங்க. அந்த கசப்பு குக்குர்பிட்டாசின்ங்கற நச்சுப்பொருள், வேகவெச்சாலும் போகாது, வாந்தி வயித்துப்போக்குல கொண்டு விடும். அலங்காரத்துக்கு விக்கிற குட்டி காய்களையும் சமைக்காதீங்க, அதே பிரச்சனைதான்.

கேள்வி: விதைய என்ன பண்றது?

கழுவி துடைச்சு நல்லா காயவெச்சு, எண்ணெய் உப்பு பிசறி 150 டிகிரில 20 நிமிஷம் போல வறுங்க, நடுவுல ஒரு தடவை பிரட்டி விடுங்க. பட்டர்நட் விதை சின்னது, தோலோடயே கடிச்சு சாப்பிடலாம். பெரிய பூசணி விதைன்னா தோல் உரிச்சா பருப்பு மட்டும் 30 கிராம்ல 8 கிராமுக்கு மேல புரோட்டீன் இருக்கு, அத அரைச்சு சூப்ல கலந்தா கிரீமே தேவைப்படாது.