பக்கத்துப் பக்கத்து மரபணுக்கள்: கேள்வி பதில்

கடலூரில் பல வருடம் தாவரவியல் நடத்தியவள் நான். மரபணுக்களைச் சுமக்கும் இழைதான் குரோமோசோம். ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போவது மரபணுப் பிணைப்பு. அது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

ஏனாமில் வேலை, சொந்த ஊர் பாகூர். இங்கே சுவர்ணா நெல் பொன்னிறம். வெள்ளம் தாங்கும் சுவர்ணா சப்-1 மட்டும் வெளிறி இருக்கிறதே, கலப்பட விதையா டீச்சர்?

கலப்படம் இல்லை ஐயா. அருமையான கேள்வி. இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கியும் பிழைக்க வைக்கும் சப்-1 மரபணு, எஃப்ஆர்13ஏ என்ற ஒடிசா நெல்லிலிருந்து வந்தது. இருப்பது 9ஆம் குரோமோசோமில். உமியின் பொன்னிறத்தை அடக்கும் மரபணுவும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுவர்ணாவோடு திரும்பத் திரும்பக் கலப்பு செய்ததில் எஃப்ஆர்13ஏவின் மற்ற குணங்கள் கழிந்தன, இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கூடவே வந்துவிட்டார். 2009இல் ரகம் வெளியானபோது உமி வைக்கோல் நிறம். இப்போது அந்த நிறத்தை வைத்தே இரண்டு விதையையும் பிரித்துவிடலாம்.

லாஸ்பேட்டை, பிளஸ் டூ. பிணைந்தவை எப்போதும் சேர்ந்தேதான் வருமா?

இல்லை தம்பி. இனச்செல்கள் (விந்து, முட்டை போன்றவை) உருவாகும் குன்றல் பிரிவில் ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். இந்தக் குறுக்கேற்றம் இரண்டு மரபணுக்களுக்கு நடுவே நடந்தால் அவை பிரியும். இப்படிப் பிரிந்து புதிதாகச் சேர்வது மறுகூட்டிணைவு. நூறு இனச்செல்லில் ஒன்று மறுகூட்டிணைவு என்றால் இரண்டு மரபணுக்களுக்கும் நடுவே தூரம் ஒரு சென்டிமார்கன். பழ ஈக்களை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி மார்கனின் மாணவர் ஸ்டர்டிவான்ட் இந்தக் கணக்கை வைத்துத்தான் 1913இல் பழ ஈயின் ஆறு மரபணுக்களை வரிசைப்படுத்தினார். பிணைப்பு என்றால் ஒட்டு இல்லை, தூரம். இதை மறக்காதே.

நெல்லிக்குப்பம்: நிறக்குருடு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதுதானே பிணைப்பு?

இல்லை, அது பால்சார் மரபு. பிணைப்புக்கு இரண்டு மரபணு வேண்டும்.

ரத்தம் உறையாத நோயான ஹீமோபிலியா? அதுவும் எக்ஸ் குரோமோசோமில்தானே?

மேலே உள்ள பதிலேதான். ஆனால் நிறக்குருடும் ஹீமோபிலியாவும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருகின்றனவா என்று கேட்டால், அது பிணைப்பு. பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஹால்டேனும் ஜூலியா பெல்லும் 1937இல் காட்டியது அதைத்தான்.

பண்ருட்டி: மெண்டலுக்கு அதிர்ஷ்டம். பட்டாணியில் அவர் பார்த்த ஏழு பண்பும் ஏழு குரோமோசோமில். அதனால்தான் பிணைப்பு குறுக்கே வராமல், பண்புகள் தனித்தனியாகப் போகும் என்ற விதி கிடைத்தது.

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவை அப்படி ஆளுக்கொன்றாக அமைந்திருக்கவில்லை.

நாங்கள் படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

அந்தப் புத்தகத்தை வைத்து நானும் நடத்தியிருக்கிறேன், தவறாக. ஒரே குரோமோசோமில் இருந்தாலும் தொலைவு அதிகமானால் மறுகூட்டிணைவு 50 சதவீதத்தைத் தொடும். அப்போது பார்ப்பதற்குத் தனித்தனி போலவே இருக்கும். நெருங்கி இருந்தால் அப்படி இல்லை. 1905இல் பேட்சன், சாண்டர்ஸ், பன்னெட் என்ற மூன்று ஆங்கிலேய விஞ்ஞானிகளும் இனிப்புப் பட்டாணியில் ஊதாப் பூவும் நீள மகரந்தமும் அளவுக்கு மீறிச் சேர்ந்து வருவதைக் கண்டார்கள். காரணம் பிடிபடவில்லை. மறுபடியும் சொல்கிறேன், தூரம்தான் கணக்கு.

அத்தை மகளைக் கட்டினால் பிணைப்பு கூடுமா?

கூடாது. உங்கள் கவலை ஒடுங்கு மரபணு பற்றியது, அதாவது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் மட்டும் வெளிப்படும் மரபணு. மருத்துவரிடம் கேளுங்கள்.

டீச்சர், நிறக்குருடு பிணைப்பா?

நெல்லிக்குப்பத்துக்குச் சொன்ன பதிலைப் படிம்மா.